ஒற்றைக் குதிரைக்கு எதற்குத் தடுப்பூசி?

கல்குடாப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பாசிக்குடாவுக்கு வரும் பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரையில் நடத்துவதற்கென்று ஒரு குதிரை வாங்கியிருக்கிறாராம். விற்றவர் "வருசா வருசம் ஊசி போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுப் பெரியவரோ, "இந்தச் சுத்துவட்டாரத்தில வேற குதிரையே இல்ல. ஆருக்கிட்ட இருந்து நோய் தொத்தப் போகுது? சும்மா காசைக் கரியாக்காத மனே" என்கிறாராம். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

பெரியவரின் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. சில நோய்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது முழுக்கச் சரி. குதிரை இன்ஃபுளுவென்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருமலோடு தெறிக்கும் துளிகளால் குதிரையிலிருந்து குதிரைக்குத் தொற்றும் வைரசு அது. அவுஸ்திரேலியாவில் 2007 வரை அந்த நோயே இருக்கவில்லை. அந்த ஆண்டு இறக்குமதியான குதிரைகளோடு வந்து இறங்கியது, சில வாரங்களில் ஆயிரக்கணக்கான பண்ணைகளுக்குப் பரவியது. ஆக, அந்த வைரசுக்குத் தேவை இன்னொரு குதிரையின் மூச்சு. உங்கள் குதிரை நுவரெலியாப் பந்தயத் திடலுக்குப் போகப்போவதில்லை, அங்கிருந்து புதிதாக ஒன்று வரப்போவதுமில்லை என்றால், இந்த ஊசியை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். இரண்டாவது குதிரை வாங்கும் எண்ணம் வந்தால், புதியதை இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டிவையுங்கள்; ஊசியைப் பற்றியும் அப்போது திரும்ப யோசியுங்கள்.

ஏற்புவலி (ரெற்றனஸ்) அப்படிப்பட்டதல்ல. அதை உண்டாக்கும் குளொஸ்ரிடியம் ரெற்றனி என்ற பற்றீரியா மண்ணில் வித்தியாக, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் நிலையில், கிடக்கிறது. வெயிலில் காய்ந்தாலும் வெள்ளத்தில் கிடந்தாலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். சாணத்தில் இருக்கும். குதிரையின் சொந்தக் குடலுக்குள்ளேயே குடியிருக்கும், லத்தியோடு வெளியே வந்து அது நிற்கும் தரையிலேயே கலக்கும். வேறு குதிரை எதுவும் வேண்டியதில்லை. ஊரிலுள்ள மற்றெல்லா விலங்குகளுக்கும் ஊசி போட்டாலும் உங்கள் குதிரைக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைக்காது. ஊசி போடுவதா இல்லையா என்று முடிவெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்த நோய்க்கிருமி எங்கே வாழ்கிறது என்பதைத்தான்.

குளம்பின் அடியில் ஓர் ஆணி ஏறுகிறது என்று வையுங்கள். வெளியே சின்னத் துளை, இரண்டு நாளில் மூடிவிடும். உள்ளே காற்றுப் படாத ஆழத்தில் வித்தி முளைத்து நஞ்சைச் சுரக்கும். துருப்பிடித்த ஆணிதான் ஏற்புவலி தரும் என்று எங்கள் ஊர்களில் ஆழமாக நம்புகிறார்கள். துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புத்தம்புது ஆணியும் மண்ணோடு ஆழமாக ஏறினால் போதும். காயத்தில் சாணமும் சாம்பலும் அப்புவது இதைவிட ஆபத்தான வழக்கம். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக்கு அப்படிச் செய்தே எத்தனையோ சிசுக்களை ஏற்புவலிக்குப் பறிகொடுத்த நாடுகள் உண்டு. தாய்மாருக்குப் போட்ட ஏற்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்துதான் அதை நிறுத்தின. நாங்கள் உள்ள தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் சிசு ஏற்புவலி பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது.

நஞ்சு நரம்பின் நுனிக்குள் புகுந்து, நரம்பிழை வழியே பின்னோக்கி ஏறி, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குப் போகிறது. தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புக்கலத்தை அளவோடு அடக்கிவைக்க அங்கே வேறு நரம்புக்கலங்கள் இருக்கின்றன. நஞ்சு முடக்குவது அந்த அடக்கும் கலங்களைத்தான். பிறகு தசைகளைத் தளர்த்த ஆளில்லை. குதிரையின் கண்ணில் உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை ஒரு தோல்போல எழுந்து விழியை மறைக்கும். காது விறைக்கும், வால் தூக்கி நிற்கும், நான்கு கால்களும் அகன்று மரக்குதிரை மாதிரி நிற்கும். படலையைப் படாரென்று சாத்தினால் அந்தச் சத்தத்துக்கே உடம்பு முழுக்க இழுக்கும். தாடை பூட்டிக்கொள்வதால் தண்ணீர் குடிக்க முடியாது. வளர்ப்பு விலங்குகளில் இந்த நஞ்சுக்கு ஆகக் கூடுதலாக ஆட்படுவது குதிரைதான். நோய் கண்ட குதிரைகளில் பாதிக்கு மேல் செத்துப்போகும்.

"நாட்டு விலங்குகளுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு இருக்கும்" என்பார்கள். இந்த நோயில் அது நடக்காது. உயிரைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு மிகமிகச் சொற்பம். உடலின் எதிர்ப்புத் தொகுதி கண்டு விழித்துக்கொள்வதற்கே அந்த அளவு போதாது. ஏற்புவலி வந்து பிழைத்த குதிரைக்கு மறுபடியும் ஏற்புவலி வரலாம், மனிதருக்கும் அப்படித்தான். ஊசியால் மட்டுமே வரும் பாதுகாப்பு இது.

அந்த ஊசிக்கு வருவோம். என்னை ஆண்டுக்கணக்காக மயக்கி வைத்திருப்பது அதன் கதைதான்.

கஸ்தோன் ரமோன் ஒரு மிருக வைத்தியர். பாரிசுக்கு வெளியே கார்ஷ் என்ற இடத்தில், பாஸ்டர் நிறுவனத்தின் குதிரை லாயங்களில் வேலை செய்தார். அக்காலத்தில் தொண்டைக்கரப்பனுக்கும் ஏற்புவலிக்கும் மருந்தென்பது குதிரையின் குருதியிலிருந்து எடுத்த சீரம். குதிரைக்கு நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள், அது நஞ்சை முறிக்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும், அந்தக் குருதியை வடித்து எடுப்பார்கள். நஞ்சோடு போமலினைச் சேர்த்து இளஞ்சூட்டில் சில வாரம் வைத்தால், கொல்லும் குணம் போய்விடும், உருவம் மட்டும் அப்படியே இருக்கும் என்று 1923 அளவில் ரமோன் காட்டினார். இன்றைக்கும் ஏற்பூசிக்குள் இருப்பது இப்படிச் சாதுவாக்கப்பட்ட நஞ்சுதான்.

ஆனால் அந்தச் சாதுவான புரதத்தைத் தனியாக ஊசியில் ஏற்றினால் எதிர்ப்பு மந்தமாகவே வந்தது. லாயத்தில் வரிசையாக நின்ற குதிரைகளில் ஒரு விசயத்தை ரமோன் கவனித்தார்: ஊசி குத்திய இடம் தற்செயலாகக் கட்டியாகிச் சீழ் வைத்த குதிரைகளின் குருதியில் பிறபொருளெதிரி கூடுதலாக இருந்தது. வேறொருவராக இருந்தால் சீழை அசுத்தத்தின் அடையாளமாக மட்டும் எடுத்து, ஊசியை நன்றாக அவிக்கச் சொல்லியிருப்பார். ரமோன் அந்த வீக்கத்தையே வேண்டுமென்று உண்டாக்கிப் பார்த்தார். பாண்தூளைக் கலந்தார், மாப்பொருளைக் கலந்தார், சவ்வரிசியைக் கலந்தார். ஆம், மரவள்ளிக் கிழங்கின் மாவில் செய்கிற சவ்வரிசிதான். கிருமி நீக்கிக் கலந்த அந்தச் சவ்வரிசி, குதிரையின் எதிர்ப்பைப் பன்மடங்காக்கியது. 1925 இல் அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளெனி படிகாரத்தைப் பயன்படுத்தி இன்னும் சுத்தமான வழியொன்றைக் கண்டார். கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் போட்டுத் தெளிய வைக்கிறோமே, அதே படிகாரம். நாங்கள் கையில் போட்டுக்கொள்ளும் ஏற்பூசியில் இன்றும் அலுமினிய உப்பு உண்டு.

சவ்வரிசி குதிரையின் உடம்புக்கு எதைச் சொல்லிக்கொடுத்தது? வயல் வட்டையில் இராக்காவலுக்குப் பரணில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். வரம்பால் சத்தமில்லாமல் நடந்துபோகிற வழிப்போக்கருக்காக அவர் எழும்பிக் கூக்குரலிட மாட்டார். வேலி முறிகிற சத்தம் கேட்டால் தீப்பந்தம் எரியும், பக்கத்துப் பரண்களும் விழித்துக்கொள்ளும். கரைந்த நிலையிலுள்ள சாதுவான புரதம் அந்த வழிப்போக்கர். வேலியை முறிப்பது சவ்வரிசியோ படிகாரமோதான். குத்திய இடத்தில் சில கலங்கள் சேதமாகிச் சாகின்றன. அவற்றுக்குள் இருந்த டிஎன்ஏ போன்ற பொருட்கள் வெளியே சிந்துகின்றன. கலத்துக்கு வெளியே கிடக்கக்கூடாத பொருட்கள் அவை. வெண்குருதிக் கலங்கள் ஓடிவருகின்றன. கிளைக்கலங்கள் என்ற காவற்கலங்கள் படிகாரத் துணிக்கையில் ஒட்டியிருக்கும் புரதத்தை விழுங்கி, துண்டுதுண்டாக்கி, மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, எதிர்ப்புக் கலங்கள் கூடியிருக்கும் நிணநீர்க்கணுவுக்குப் பயணப்படுகின்றன. இந்தத் துண்டைக் கண்ட இடத்தில் ஆபத்தும் இருந்தது என்ற செய்தி அங்கே போய்ச் சேர்கிறது. பிறகுதான் பிறபொருளெதிரி தயாராகும், நினைவுக்கலங்கள் மிஞ்சும்.

படிகாரம் புரதத்தைப் பிடித்துவைத்து மெதுமெதுவாகக் கசியவிடுவதால்தான் இது நடக்கிறது என்று கிளெனியின் காலத்திலிருந்து பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்கு ஊசி போட்ட இரண்டு மணித்தியாலத்தில் அந்த இடத்தையே வெட்டி அகற்றினார்கள். எதிர்ப்பு குறையவில்லை. செய்தி அதற்குள் புறப்பட்டுப் போய்விட்டது! நூறாண்டாகக் கோடிக்கணக்கான உடல்களில் ஏற்றிய ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னமும் விவாதம் நடக்கிறது. நோபல் பரிசுக்கு ரமோனின் பெயர் நூறு தடவைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு மட்டும் கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றும் மனத்தாங்கல்தான்.

இதே வித்தையால்தான் பாம்புக்கடி மருந்தும் உருவாகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை, படிகாரம்போல எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளோடு (அட்ஜுவன்ட்) குதிரைக்கு ஏற்றி, குருதியிலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். அம்பாறையில் அறுவடைக் காலத்தில் புடையன் கடித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவரின் கையில் ஏறுவது இந்தியாவில் ஒரு குதிரை தந்த பிறபொருளெதிரி. அந்தக் குதிரைக்கு ஏற்றியதும் இந்தியப் பாம்பின் நஞ்சுதான். ஊருக்கு ஊர் பாம்பின் நஞ்சில் வித்தியாசம் இருக்கிறது. அந்த மருந்தால் எங்கள் நோயாளர் பலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் வருகிறது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் அது குறையும் என்பதை 2011 இல் நிறுவியதே இலங்கையில் நடந்த ஆய்வுதான். நெல்லை நம்பி வாழும் ஒரு நாடு, தன் வயலில் கடிக்கும் பாம்புக்குத் தன் மண்ணிலேயே மருந்து செய்யத் தொடர்ச்சியாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு வருடம் கொடுத்து மறு வருடம் நிறுத்தினால் ஆய்வுகூடம் நடத்த முடியாது. அமைச்சுகள் மாறினாலும் இந்த ஒதுக்கீடு மாறக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மற்ற ஊசிகளைப் பற்றிச் சுருக்கமாக. விசர்நாய்க்கடி நோய்க்குப் போடத்தான் வேண்டும். கடிக்கிற நாய் தெருவில் இருக்கிறது, நோய்க்குறி தெரிந்த பிறகு வைத்தியம் இல்லை, அந்தக் குதிரையின் வாயில் கை வைப்பது நீங்களும் பிள்ளைகளும். ஜப்பானிய மூளை அழற்சி வைரசு கொக்கு, பன்றி, வயல் நுளம்பு ஆகியவற்றுக்கிடையே சுற்றுவது. 1980களின் பிற்பகுதியில் அனுராதபுரப் பக்கத்தில் மனிதரைக் கடுமையாகத் தாக்கியது. குதிரைக்கும் வரும். வயலோரம் கட்டுவதாக இருந்தால் இதைப்பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள், இரவில் நுளம்புவலை கட்டிய தொழுவத்தில் விடுங்கள். மாடுகளுக்குப் போடும் கால்வாய் நோய் ஊசி தேவையில்லை. அந்த வைரசு பிளவுபட்ட குளம்புள்ளவற்றையே தாக்கும்.

ஏற்பூசி முதல் தடவை நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடத்துக்கு ஒன்று. விற்றவர் சொன்னது சரி. பெட்டைக் குதிரை சினைப்பட்டால், ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு முன் ஒன்று போட வேண்டும். குதிரையின் சூல்வித்தகம் (நச்சுக்கொடி) பிறபொருளெதிரியைக் குட்டிக்குக் கடத்தாது. முதல் நாளில் குடிக்கும் கடும்புப்பாலில்தான் எல்லாம் போகும். பட்டி வைத்திருப்பவர்களுக்கு இது மாட்டிலிருந்தே தெரிந்திருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏற்பூசி மருந்து 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும், ஆனால் ஒருபோதும் உறையக்கூடாது. உறைந்தால் அலுமினியத் துணிக்கைகள் கட்டிபட்டு, ஒட்டியிருந்த புரதத்தின் வேலை கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்து எடுத்துத் தருகிறவரிடம் வாங்காதீர்கள். போத்தலைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல மருந்து பால்கலந்த தண்ணீர்போல நெடுநேரம் ஒரே சீராகக் கலங்கி நிற்கும். செதில்செதிலாகத் திரண்டு மளமளவென்று அடியில் இறங்கினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு போத்தல் கேளுங்கள்.