மறியல் பதிவேடுகளும் பழம்பொருட்களும்: திருகோணமலையில் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

பழைய மறியல் பதிவேடுகளை, அதாவது சிறைச்சாலைப் பதிவேடுகளைத் தேடி அலையும் குடும்பங்களுக்குத் திருகோணமலையில் குறைவில்லை. ஒருவருக்குக் காணி வழக்கு. பாட்டனார் குறித்த ஒரு வருடத்தில் ஊரில் இல்லை, விளக்கமறியலில் இருந்தார் என்று காட்ட வேண்டும். இன்னொருவருக்கு, போர்க்காலத்தில் பிடிபட்ட மகன் எத்தனை மாதம் உள்ளே இருந்தான் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று தேவை. ஊர் வரலாறு எழுதப் புறப்பட்டவர்களும் இருக்கிறார்கள். வாசலில் இவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அதெல்லாம் பழசு, இப்ப இல்லை."

அந்தப் பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை. "இல்லை" என்றால் எப்படி இல்லாமற் போனது என்று கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒரே சட்டத்தில் இல்லை. காகிதத்துக்கு 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம், அதைக் கேட்டுப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கட்டடத்துக்கும் பொருளுக்கும் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்கு 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனங்கள் சட்டம். இவை வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பதால்தான் இந்த அலைச்சல்.

பதிவேட்டில் என்ன இருக்கும்

ஒரு சிறைச்சாலையில் சேரும் காகிதம் பல வகை. ஆளை உள்ளே எடுக்கும்போது எழுதும் அனுமதிப் பதிவேடு, நீதிமன்றம் அனுப்பும் ஆணை, வைத்தியக் குறிப்பு, தண்டனைப் புத்தகம், வாசற் புத்தகம், பார்க்க வந்தவர்களின் பதிவு. இவற்றில் குடும்பங்களுக்கு அதிகம் உதவுவது அனுமதிப் பதிவேடுதான். ஒரே வரியில் கைதி இலக்கம், பெயர், ஊர், வயது, எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம், தண்டனை, விடுதலையான திகதி எல்லாம் பொதுவாக வந்துவிடும். அந்த வழக்கு இலக்கம் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்து நீதிமன்றப் பதிவாளரிடம் வழக்குக் கோவையைத் தேடச் சொல்லலாம். வழக்கு இலக்கம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் நீதிமன்றத்திலிருந்தே தொடங்குங்கள்.

இந்தப் பதிவேடுகள் அத்தியட்சகருடைய சொத்தும் இல்லை, களஞ்சியப் பொறுப்பாளருடைய சொத்தும் இல்லை. பொது ஆவணம். தேசிய சுவடிகள் திணைக்களத்தின் சம்மதம் இல்லாமல் அரச அலுவலகம் எதுவும் தன் பொது ஆவணத்தைத் தானாக அழிக்க முடியாது. "அலுமாரியில் இடமில்லை", "கறையான் அரித்துவிட்டது, எரித்துவிட்டோம்" என்பவை அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது. வேண்டுமென்றே அழிப்பவர்களைவிட, வருட முடிவில் களஞ்சியத்தைத் துப்புரவு செய்பவர்களால்தான் அதிகம் போகிறது என்பது என் எண்ணம். அதனால்தான் சண்டைக்குப் போகாமல் கடிதத்தோடு போவது நல்லது.

2027 பெப்ரவரி 3

இந்தத் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3இல். அதன் 7ஆம் பிரிவு பொது அதிகார சபைகள் ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் வந்த நாளில் ஏற்கெனவே இருந்த ஆவணம் என்றால் அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டு. அதற்குப் பிறகு உருவான ஆவணம் என்றால் உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டு.

பழைய மறியல் பதிவேடு எல்லாம் முதல் வகை. அந்த 10 ஆண்டு 2027 பெப்ரவரி 3உடன் நிறைவாகிறது. அதற்கு அடுத்த நாளே எல்லாவற்றையும் குப்பையில் போடலாம் என்று அர்த்தமில்லை. சுவடிகள் சட்டத்தின் சம்மதம் அப்போதும் வேண்டும். ஆனாலும் "காலம் முடிந்துவிட்டது" என்று சொல்ல ஒரு சாட்டு கிடைக்கும். ஒரு ஆவணத்தைக் கேட்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அதை அழித்தாலோ மறைத்தாலோ அது குற்றம். நீதவான் முன் நிரூபணமானால் 50,000 ரூபா வரை தண்டம் அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆக, ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பதே அந்தப் பதிவேட்டுக்கு ஒரு காவல்.

விண்ணப்பத்தை எழுதும் விதம்

பலர் "என் தாத்தாவின் விபரம் தரவும்" என்று எழுதிவிட்டு, "அப்படி ஒன்றும் இல்லை" என்ற ஒற்றை வரிப் பதிலோடு நின்றுவிடுகிறார்கள். சிறைச்சாலைகள் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"திருகோணமலைச் சிறைச்சாலையின் 1955 முதல் 1960 வரையான கைதிகள் அனுமதிப் பதிவேடுகள் தற்போது யாருடைய பொறுப்பில், எங்கே உள்ளன? தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கையளிக்கப்பட்டிருந்தால் கையளிப்புப் பட்டியலின் பிரதியைத் தரவும். அழிக்கப்பட்டிருந்தால் அதற்குப் பெறப்பட்ட அனுமதியின் பிரதியைத் தரவும். இருப்பின், அவற்றை நேரில் பார்வையிட ஒரு திகதி தரவும்."

ஆண்டை மட்டும் உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளில் மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் அதுவே எழுத்திலான ஒரு சான்று.

ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. இலங்கைக் குடிமகனாக இருந்தால் போதும். தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம், அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்; தருவதென்று தீர்மானித்தால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். தேடல் பெரியது என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஏ4 போட்டோக் கொப்பி ஒரு பக்கம் 2 ரூபா, முதல் நாலு பக்கம் இலவசம்.

மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் 3 கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

மறுப்புக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் "தனிப்பட்ட தகவல்". அது சட்டத்திலேயே உள்ள விதிவிலக்கு, 5ஆம் பிரிவு. ஆனால் சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதம் தந்தால் அந்தத் தடை போய்விடும். ஆள் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். இறந்தவர் என்றால் மரணச் சான்றிதழும் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் இணைப்பது புத்தி. சட்டம் கேட்காவிட்டாலும் மேசைக்கு அப்பால் இருப்பவருக்குத் தயக்கம் குறையும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகள் பேணப்பட வேண்டிய மொழி தமிழ். நடைமுறை என்னவென்று உங்களுக்கே தெரியும். பதில் சிங்களத்தில் வந்தால் சலித்துப்போய்ப் பைலுக்குள் வைத்துவிடாமல் தமிழில் தரும்படி திருப்பி எழுதுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக்குப் போக வேண்டுமென்றால்

அந்தக் காலத்துக் காகிதத்தைத் திருகோணமலையில் தேடுவதைவிடக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடுவது மேல். அங்கே பழைய கச்சேரி (மாவட்ட நிர்வாக அலுவலக) ஆவணங்கள் இருக்கின்றன. கிழக்கு மாகாணம் 1833இல் உருவானது. பின்னாளில் அரசாங்க அதிபர் மட்டக்களப்பிலும் உதவி அரசாங்க அதிபர் திருகோணமலையிலும் இருந்ததால், இங்குள்ள விடயம் மட்டக்களப்புக் கட்டுக்குள் கிடப்பதும் உண்டு. இரண்டையும் கேளுங்கள். தனி ஆளின் பெயர் கிடைக்காவிட்டாலும், பிரித்தானிய ஆட்சியின் ஆண்டுப் புள்ளிவிபரத் தொகுப்புகளாக வெளியான நீலப் புத்தகங்களில் சிறைச்சாலைகள் பற்றிய பகுதி இருக்கிறது. 1905இல் தனித் திணைக்களமாகப் பிரிந்த சிறைச்சாலைத் துறையின் நிர்வாக அறிக்கைகளும் உண்டு.

பெயர் தேடும்போது பொறுமை வேண்டும். கணபதிப்பிள்ளை ஒரு பக்கத்தில் ஆங்கில 'சி'யில் தொடங்குவார், மறுபக்கத்தில் 'கே'யில் தொடங்குவார். கதிர்காமர், கந்தையா எல்லோருக்கும் இதே கதி. அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரையும் ஆண்டையும் வைத்து வரிவரியாகப் போவதே சில வேளை சுருக்கு வழி.

ஒல்லாந்தர் கால ஆவணங்களும் அதே கட்டடத்தில்தான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. இலங்கையில் உள்ள பகுதியும் அதில் அடக்கம். ஆனால் பழைய ஒல்லாந்த மொழி தெரிந்தவர் துணை இல்லாமல் அதற்குள் இறங்குவது வீண். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில்தான் இலங்கைக்குக் கைமாறியது. அதற்கு முன் கடற்படை தன் மாலுமிகளைத் தடுத்து வைத்த கதை வேண்டுமென்றால் தேட வேண்டிய இடம் லண்டனில் கியூ பகுதியிலுள்ள ஆவணக் காப்பகம்.

விலங்கு, திறப்பு, மணி

காகிதத்தைவிடப் பொருளின் நிலை மோசம். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் ஒரு திகதியைக் கோடாகப் போட்டு வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முற்பட்டது என்றால் பாதுகாப்பு தானாக வரும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு கட்டிய கோட்டை, இன்றைய பிரட்ரிக் கோட்டை, அந்தக் கோட்டுக்கு முந்திய பக்கத்தில் சுகமாக நிற்கிறது. பிந்திய கட்டடத்தையும் அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க முடியும். ஆனால் சிறைச்சாலையில் கிடக்கும் கால் விலங்கு, பெரிய இரும்புத் திறப்பு, மணி, மரக் கட்டில் எல்லாம் பெரும்பாலும் பிரித்தானியர் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அவை தொல்பொருள் ஆகாது. சட்டத்தின் கண்ணில் அவை வெறும் இன்வென்றரிப் பொருள், அலுவலகச் சொத்துப் பட்டியலில் ஒரு வரி.

இன்வென்றரிப் பொருளுக்கு என்ன நடக்கும்? வருட முடிவில் போர்ட் ஒப் சேர்வே, அதாவது அரச பொருட்களைக் கணக்கெடுக்கும் சபை வரும். மூன்று பேர் லிஸ்டைப் பிடித்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போவார்கள். உடைந்த பிளாஸ்டிக் கதிரைக்கும் நூறு வருட விலங்குக்கும் ஒரே நிரலில் ஒரே சொல் விழும்: "பாவனைக்குதவாது". அப்புறம் ஏலம். பழைய இரும்புக்காரர் நிறுத்து வாங்கிப் போவார். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கும்.

இதைத் தடுக்கக் கூடிய நேரம், அந்தச் சபை அறிக்கை கொடுப்பதற்கும் ஏலத்துக்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே. அகற்றப் பரிந்துரைத்த பொருட்களின் பட்டியலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பட்டியலில் பழம்பொருள் தெரிந்தால் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் எழுதி, ஏலத்திலிருந்து நீக்கி ஒரு நூதனசாலைக்கு மாற்றும்படி கேளுங்கள். ஊர்ப் பாடசாலையோ வாசிகசாலையோ சேர்ந்து கையெழுத்திட்டால் கடிதத்துக்குக் கனம் கூடும்.

தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாமே என்று சொல்ல வந்தால், கிழக்கில் பலருக்கு முகம் சுருங்கும். கன்னியா வெந்நீரூற்றில் கோயில் காணி தொடர்பாகத் தொல்பொருள் திணைக்களத்தோடு எழுந்த பிரச்சினையைக் கண்டவர்கள், 2020இல் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லாமல் கிழக்குக்கென நியமிக்கப்பட்ட தொல்பொருள் செயலணியைக் கண்டவர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கேட்பது காணியை அளக்க அல்ல, ஒரு பொருளை ஏலத்திலிருந்து காக்க என்று கடிதத்தில் தெளிவாக எழுதலாம். பிரதியை மாவட்டச் செயலகத்துக்கும் உங்கள் பகுதி மக்கள் பிரதிநிதிக்கும் போடுங்கள்.

ஒரு விடயம் இவை எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிறது. 2015 நவம்பரில் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழு திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் நிலக்கீழ்த் தடுப்பு அறைகளைப் போய்ப் பார்த்தது. அப்படிப்பட்ட இடம் நூதனசாலைப் பொருள் அல்ல, குற்ற விசாரணைச் சான்று. அங்கே வெள்ளை அடிப்பதும் கூடாது, "பாதுகாக்கிறோம்" என்று திருத்துவதும் கூடாது. அதைப் பற்றிய கோரிக்கை போக வேண்டிய இடம் நீதிமன்றமும் விசாரணை செய்பவர்களும்.

உங்கள் வீட்டு அலுமாரியில்

தடுப்பிலிருந்தவர்கள் உள்ள வீடுகளில் விடுதலைக் கடிதம், தடுப்புக் கட்டளை, முத்திரை குத்திய மறியற் கடிதங்கள், ஐ.சி.ஆர்.சி. (செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு) அட்டை என்று ஏதாவது ஒன்றாவது இருக்கும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தான் சந்தித்த கைதிகளுக்குத் தடுப்புச் சான்று வழங்கும்; அரச பதிவேடு தொலைந்தாலும் இழப்பீட்டு அலுவலகத்தில் காட்ட அது உதவும். தொலைத்தவர்கள் மறுபிரதி கேட்டு எழுதலாம்.

இந்தக் காகிதத்தை லமினேற் பண்ணாதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம், பத்து வருடத்தில் மஞ்சள் கறையாகிவிடும். குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். எங்கள் கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதுதான், துரு காகிதத்தைத் தின்றுவிடும். தரையோடும் சுவரோடும் ஒட்டாமல் உயரத்தில் வையுங்கள். வெயில் படாத வெளிச்சத்தில் இரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஒரு பிரதியை வெளியூரில் உள்ள சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். 2004 சுனாமியில் பெட்டியோடு எல்லாம் போன வீடுகள் இங்கே உண்டு.

ஊருக்கும் பயன்பட வேண்டும் என்று நினைத்தால் நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவாக்கி வருகிறது. தேசிய சுவடிகள் திணைக்களமும் தனியார் சேகரிப்புகளை ஏற்கும். உயிரோடிருப்பவர்களின் பெயரோ மற்றக் கைதிகளின் பெயரோ அதில் இருந்தால், வெளியே விடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் பிரதியைக் கொடுங்கள். மூலத்தையே கொடுப்பதென்றால், என்ன என்ன தாள், எத்தனை தாள் என்று எழுதிக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டை வாங்கிய பிறகு கொடுங்கள்.