மூச்சுத்துணை: 'ஊடுருவாத காற்றோட்டம்' ஏன் வேண்டாம்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது சளி கெட்டியாகி நுரையீரலைப் பழுதாக்கும் ஒரு மரபுவழி நோய். அந்த நோயாளிகளுக்கான தமிழ்க் குறிப்புகளில் 'இரவுநேர ஊடுருவாத காற்றோட்டம்' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நோயுள்ள பிள்ளையின் தாய் இதைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்றுதான் யோசிப்பார்.

சொல்ல வந்தது 'நான்-இன்வேசிவ் வென்டிலேஷன்', சுருக்கமாக என்.ஐ.வி. மூக்கையோ, மூக்கையும் வாயையும் சேர்த்தோ மூடும் முகமூடி வழியாக ஒரு சிறு கருவி அழுத்தத்தோடு காற்றைத் தருகிறது. மூச்சை இழுக்கும்போது அழுத்தம் கூடும், விடும்போது குறையும். தொண்டைக்குள் குழாய் கிடையாது, கழுத்தில் துளை கிடையாது. 'நான்-இன்வேசிவ்' என்பதற்கு அவ்வளவுதான் பொருள். இரவில் ஏன் என்றால், தூக்கத்தில், அதிலும் கனவு காணும் கட்டத்தில், உதரவிதானம் தவிர மற்ற மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடும். கெட்டிச் சளியால் பழுதான நுரையீரல் அப்போது திணறும், கரியமில வாயு தேங்கும், காலையில் தலைவலியோடு எழுவார்கள். வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் சிலருக்கு அந்தத் தேக்கம் கூடவும் கூடும். அதனால் இதை 'ஆக்சிஜன் வைப்பது' என்று சொல்வதும் தவறு.

வென்டிலேஷனுக்கு மூலம் லத்தீன். 'வென்டுஸ்' என்றால் காற்று, 'வென்டிலாரே' என்றால் விசிறுதல், தூற்றுதல். ஆங்கிலம் அறைக்கும் நுரையீரலுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. அதற்காகத் தமிழும் அப்படியே செய்ய வேண்டுமா?

காற்றோட்டம் என்பது யாரும் தள்ளாமல் காற்று தானே வந்து போவது. இங்கே கருவி அழுத்தித் தள்ளுகிறது. அதைவிட மோசம் 'ஊடுருவாத'. ஆங்கிலத்தில் அந்த அடைமொழி சிகிச்சை முறையைப் பற்றியது, உடலுக்குள் குழாய் செருகுவதில்லை என்பதுதான் செய்தி. தமிழில் அது நேராகக் காற்றின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஊடுருவாத காற்றோட்டம் என்றால் உள்ளே போகாத காற்று என்றே காதில் விழும். நுரையீரலின் அடிவரை காற்றைச் சேர்ப்பதற்காகவே இருக்கும் ஒரு சிகிச்சைக்கு நேர் எதிரான பெயர் இது! தனித்தனியே இரண்டு சொற்களும் நல்ல தமிழ்தான். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் அடுக்கிவிட்டு, சேர்த்து ஒருமுறை வாசித்துக்கூடப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குக் கோபம்.

சரி, 'செயற்கைச் சுவாசம்' என்று சொல்லலாமே என்பார்கள். செய்தித்தாள்களில் அந்தத் தொடர் 'கவலைக்கிடம்' என்ற சொல்லோடு சேர்ந்தே வந்து பழகிவிட்டது. கேட்டதும் குடும்பம் கலங்கும். ஆனால் இந்தக் கருவியோடு வீட்டில் தூங்குபவர் பெரும்பாலும் தாமே மூச்சை இழுக்கிறார். அவர் இழுப்பதை உணர்ந்துதான் கருவி கைகொடுக்கிறது. விடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவரின் மூச்சைச் செயற்கை என்று எப்படிச் சொல்வது?

ஆகவே 'மூச்சுத்துணை'. வழித்துணை வருபவர் நமக்காக நடப்பதில்லை, கூட வருகிறார். துணை என்ற சொல்லில் அந்த நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. 'முகமூடிவழி மூச்சுத்துணை', 'குழாய்வழி மூச்சுத்துணை' என்று பிரித்துவிட்டால் 'இன்வேசிவ்', 'நான்-இன்வேசிவ்' இரண்டுக்கும் வழி பிறந்துவிடும். 'அல்லாத', 'இல்லாத' என்று எதிர்மறையில் தொங்க வேண்டியதில்லை.

அப்புறம் மூக்கு. இந்த நோய்க்குக் காரணம், 1989இல் கண்டறியப்பட்ட சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவின் கோளாறு. அது நுரையீரலோடு நிற்பதில்லை, மூக்கின் உட்சவ்வையும் பாதிக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சைனஸ் தொல்லை உண்டு, பலருக்கு மூக்கினுள் சதை வளரும். மூக்குமூடி போட்டுத் தூங்கும்போது வாய் திறந்துகொண்டால், மூக்கு வழியே வரும் காற்று வாய் வழியே ஒழுகிவிடும். ஒரே திசையில் பாயும் அந்தக் காற்று மூக்கை உலர்த்தி, அடைப்பை இன்னும் கூட்டும். இதைத்தான் 'நாசி நெரிசல்' என்று எழுதுகிறார்கள். நெரிசல் சாலையில் வரும், கூட்டத்தில் வரும். மூக்கில் வருவது மூக்கடைப்பு. சளி பிடித்த குழந்தைகூடச் சொல்லும் சொல் மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் எட்டவில்லை?

குறிப்பை இப்படி எழுதினால் போதும்: 'இரவில் முகமூடிவழி மூச்சுத்துணை தொடங்கிய பிறகு மூக்கடைப்போ மூக்கு உலர்வோ அதிகமானால், கருவியை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். வெந்நீர் ஈரமூட்டி சேர்த்தோ, வாயையும் மூடும் முகமூடிக்கு மாற்றியோ பார்க்கலாம்.'