மனை வாங்கும் முன் கலங்கலைத் தேடுங்கள்

நகரமைப்பு ஆலோசகரான என்னிடம் பத்திரத்தைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், இது அப்ரூவ்டு மனைதானே?" அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த தடையும், அத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறை விதிகளும் அந்தச் சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்துவிட்டன. அது நல்லதே. ஆனால், அந்த மனை எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறது, ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எங்கே, அந்த நீர் எவ்வழியாகப் போகும் என்று கேட்பவரை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு மனையைப் பார்த்து வைத்திருந்த ஆசிரியத் தம்பதி என்னிடம் வந்தார்கள். அனுமதி எண், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. நில அளவைத் துறையின் புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது, மனையின் வடக்கு எல்லையை ஒட்டி இரண்டு இணைகோடுகளும் அவற்றுக்கு நடுவே தனிப் புல எண்ணும் இருந்தன. கிராம நிலங்களின் விவரம் அடங்கிய அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று எழுதியிருந்தது. வரைபட அளவின்படி அதன் அகலம் சுமார் 9 மீட்டர். மறுநாள் மூவரும் இடத்துக்குப் போனோம். இருபுறமும் சுற்றுச்சுவர்கள் நெருங்கி வந்திருக்க, சாலைக்கு அடியில் இரண்டடி விட்டமுள்ள ஒரே ஒரு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) கிடந்தது. அதன் வாயில் பாதியைத் தெர்மோகோலும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தன. டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்த ஆசிரியர், "ஒன்பது மீட்டர் தண்ணி இதுக்குள்ளேயா சார் போகணும்?" என்று கேட்டார். அவர்கள் அந்த மனையை வாங்கவில்லை.

அந்த வாய்க்கால் தனித்த ஒன்றன்று. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் ஒன்றின் கலங்கலிலிருந்து அடுத்ததற்கு நீரைக் கைமாற்றி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்க்கும் சங்கிலி அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். இந்தச் சிறு தொலைவுக்குள் அந்த நீர் தாம்பரம் மாநகராட்சி, ஒரு கிராம ஊராட்சி, சென்னை மாநகராட்சி என்று மூன்று வகை நிர்வாகங்களைக் கடக்கிறது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணையைச் சுற்றி எவ்வளவு உறுதியாக வேலி போட்டாலும், மேலே உள்ள வாய்க்கால்கள் அடைபட்டால் நீர் சதுப்பு நிலத்துக்கு வராமல் வீடுகளுக்குள்தான் போகும்.

பெரிய மனைப்பிரிவுகளுக்கும் கட்டடங்களுக்கும் வெள்ள அபாயம் குறித்த தடையின்மைச் சான்று கேட்கப்படுவது உண்மைதான். ஆனால் அந்தச் சான்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகவே பார்க்கிறது. தரைமட்டத்தை இவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது அதில் வழக்கமாக வரும் நிபந்தனை. ஒருவர் மண் அடித்து உயர்த்தியதும் அவருடைய நீர் பக்கத்து மனைக்குப் போகிறது, அவரும் உயர்த்துகிறார், முடிவில் பழைய ஊரும் காலனியும் பள்ளமாகின்றன. விதியை யாரும் மீறாமலே ஓர் ஊர் மூழ்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவேதான் தனித்தனி மனையாகப் பார்க்காமல், பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் வட்டாரத் திட்டமிடலை வலியுறுத்துகிறேன். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ஒரு நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) மட்டுமன்றி வட்டாரத் திட்டத்துக்கும் இடம் தந்திருக்கிறது. 2008-இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டமும் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது. அதாவது, நீரை வைத்து நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஏரிச் சங்கிலிகளுக்கு மட்டும் அதே கவனம் கிடைக்கவில்லை.

இதில் மிகவும் கவனிக்கப்படாமல் போவது ஆயக்கட்டு, அதாவது ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம். ஏரிக்கரைக்குள் வீடு கட்டினால் அது ஆக்கிரமிப்பு என்று எல்லோருக்கும் தெரியும்; கரைக்கு வெளியே, பாசன நீரைத் திறந்துவிடும் மடைக்குக் கீழே இருந்த நன்செய் வயல் மனையாக மாறுவதை யாரும் தவறாகப் பார்ப்பதில்லை. பாசனம் நின்றால் மடையைத் திறந்து மூட ஆளில்லை, வாய்க்காலைத் தூர்வார எவருக்கும் தேவையில்லை. மழைக்காலத்தில் தேங்கி நின்று நீரை மெதுவாக விட்ட வயலுக்குப் பதிலாகக் கான்கிரீட் தரை வந்துவிடுகிறது. அதன்பின் அங்கே குடியேறியவர்களே கலங்கலைத் தாழ்த்தச் சொல்லி மனுக் கொடுக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. வயலை மனையாக்க அனுமதித்த நாளில்தான் பிழை நேர்ந்தது.

மனை வாங்குபவர்கள் பட்டாவுடன் நிறுத்தாமல், அரசின் இணைய சேவையில் கிடைக்கும் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள். முழுமைத் திட்டத்தில் அந்த எண் குடியிருப்புப் பகுதியா, வேளாண் பகுதியா என்று கேளுங்கள். கிராம வரைபடத்தில் மேலே உள்ள ஏரியின் கலங்கலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மனைவரை நடந்தே வாருங்கள்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசாணை வெளிவந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் உட்கிராமங்களும் அரக்கோணம் பக்கமும் அதற்குள் வருகின்றன. அங்கே வயல்கள் இன்னும் வயல்களாகவே இருக்கின்றன, வாய்க்கால்களிலும் நீர் ஓடுகிறது. அப்பகுதித் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்கும்போதெல்லாம் நான் எழுதிக் கொடுப்பது ஒரே கோரிக்கைதான்: வரைபடத்தில் நிலப் பயன்பாட்டு மண்டலங்களுக்கு வண்ணம் தீட்டும் முன், ஒவ்வோர் ஏரியின் வரத்துக் கால்வாயையும் உபரிநீர்க் கால்வாயையும் கடல்வரை புல எண்ணோடு வரைந்து, அவற்றின் இருபுறமும் எவரும் கட்ட முடியாத பட்டையை முதலில் ஒதுக்குங்கள்.