அமெரிக்காவில் ஏது முதல்வர்?

“கலிபோர்னியாவின் முன்னாள் முதல்வர் ஏர்ல் வாரன்” என்று போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். அமெரிக்க கவர்னரை இப்படி முதல்வராக்குவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கவர்னர் என்ற சொல்லின் வேர் கிரேக்கம். கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பதைக் குறித்த வினை, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் பழைய தமிழில் மீகாமன் செய்த வேலை. தமிழில் ‘ஆள்’ என்ற வினையோடு ‘நர்’ விகுதி சேர்ந்து ஆளுநர். ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் போல. (ஆளுனர் என்று எழுதுவது பிழை.) ஆள்பவர் ஆளுநர், அவ்வளவுதான்.

முதல்வர் என்று போடுகிறவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். ஆளுநர் என்றால் நம் வாசகருக்குக் கிண்டி மாளிகைதான் நினைவுக்கு வரும், குடியரசுத் தலைவர் நியமித்தவர் என்று நினைத்துவிடுவார், அமெரிக்காவிலோ அவர் தேர்தலில் வென்று ஆள்கிறவர் என்று. சரி, தேர்தல் வரைக்கும் உண்மை. அதற்கு மேல்?

முதல்வர் என்பது முதலமைச்சரின் சுருக்கம். அமைச்சர்களில் முதலாமவர். சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்கும்வரைதான் அவருக்கு நாற்காலி. வாரன் அப்படியா இருந்தார்? 1945-இல் கலிபோர்னியா மக்களுக்கு மாநில மருத்துவக் காப்பீடு கொண்டுவரப் பார்த்தார். மாநில மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. மசோதா சட்டமன்றத்தில் தோற்றது. ஒரு முதல்வரின் முக்கிய மசோதா இப்படிக் கவிழ்ந்திருந்தால் மறுநாளே பதவி விலகச் சொல்லிக் குரல் கிளம்பியிருக்கும். வாரன் நாற்காலி அசையவே இல்லை. அவரை அங்கே உட்கார வைத்தது சட்டமன்றம் இல்லையே, மக்கள் நேரடியாகப் போட்ட வாக்கு. மறு வருடமே குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டின் முதனிலைத் தேர்தலிலும் (கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல்) வென்று இரு கட்சி வேட்பாளராகவும் நின்று ஜெயித்தார். அன்றைய கலிபோர்னியச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 1943 ஜனவரியிலிருந்து 1953 அக்டோபர் வரை மூன்று முறை தேர்வாகி ஆண்டவர், அங்கிருந்து நேராக அமெரிக்கத் தலைமை நீதிபதியாகப் போனார். 1954-இல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு எழுதியவர் அவர்தான்.

அப்படி ஆண்டவருக்கு ஆளுநரைவிடப் பொருத்தமான சொல் எது? சொல்லின் பொருள் முழுசாகப் பொருந்துவது அங்கேதான். இங்கே நியமனம் பெறுகிறவருக்கு அந்தப் பெயர் வந்தது நம் அரசியல் சட்டத்தின் கதை. அரசியல் நிர்ணய சபையே முதலில் தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநரைத்தான் எண்ணியது. 1949-இல்தான் நியமனம் என்று மாற்றினார்கள். வாசகர் குழம்புவார் என்று பயமாக இருந்தால் “தேர்தலில் வென்ற ஆளுநர்” என்று முதல் இடத்தில் எழுதினால் தீர்ந்தது. அதற்காக அமெரிக்காவில் இல்லாத பதவியை உண்டாக்குவானேன்?

இன்னொரு கொடுமையும் அதே மொழிபெயர்ப்பில் இருந்தது. வாரன் போனதும் ஆளுநர் பதவிக்கு வந்தவர், அதுவரை லெப்டினன்ட் கவர்னராக இருந்த குட்வின் நைட். அந்தப் பழைய பதவியை “துணைநிலை ஆளுநர்” என்கிறார்கள். முதல்வருக்கு அடுத்து துணைநிலை ஆளுநர் எப்படி ஆட்சிக்கு வருவார்? துணைநிலை ஆளுநர் என்றால் நமக்குப் புதுச்சேரியும் டெல்லியும். ஒன்றிய அரசு அனுப்பி வைக்கிறவர். கலிபோர்னியாவில் அந்தப் பதவிக்கும் மக்கள்தான் வாக்களிக்கிறார்கள். துணை ஆளுநர் என்று எழுதுங்கள், போதும்.