பெயர் தொலைந்த தாய்லாந்துப் பாட்டுகள்

பழைய ரெக்கார்டு, டேப், கேசட் எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றி, ஒலியைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். போன மழைக்காலத்தில் ஒரு இளைஞர் பென் டிரைவோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். வார இறுதிகளில் டிஜேவாக வாசிப்பவர். நெட்டில் கேட்ட ஒரு மிக்ஸிலிருந்து, அதாவது பல பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு டிஜே வாசித்ததிலிருந்து, நாலு நிமிடத்தை வெட்டி எடுத்து வந்திருந்தார். ஃபைலின் பெயர் ‘தாய் ஃபங்க் 7’. தாய் என்றால் தாய்லாந்து, ஃபங்க் என்பது ஆட வைக்கும் ஒரு மேற்கத்திய இசை வகை. “இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு சார், எடுத்துக் குடுங்க” என்றார்.

ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். டிரம்ஸும் பேஸ் கிதாரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. மேலே ஒரு பெண் குரல். பின்னால் விடாமல் ஒரு ரீங்காரம். அவர் இரைச்சல் என்று சொன்னதில் பாதி அந்த ரீங்காரம்தான். அது ‘கேன்’ என்ற மூங்கில் வாத்தியம். இரண்டு வரிசையாகக் கட்டிய குழல்கள், பெரும்பாலும் பதினாறு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சின்ன உலோக நாக்கு. ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை இழுத்தாலும் ஒலிக்கும். அதனால்தான் ரீங்காரம் அறுபடுவதே இல்லை.

இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. பாட்டில்லாத ஒரு துண்டைக் காட்டி ‘இதுதான் இரைச்சல்’ என்று பழக்கினால், அதே சாயலில் இருப்பதையெல்லாம் வழித்துவிடும். அவர் முன்னாலேயே செய்து காட்டினேன். அளவைக் கொஞ்சம் கூட்டியதும் ‘உஸ்’ சத்தம் அடங்கியது. இன்னும் கூட்டினேன். கேனின் கூர்மை போய், தண்ணீருக்கு அடியில் யாரோ ஆர்மோனியம் வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. பழைய தாய்லாந்துப் பாட்டுகளை நெட்டில் ஏற்றுகிறவர்கள் பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். இரைச்சல் கொஞ்சம் இருக்கட்டும். காது ஒரு நிமிடத்தில் அதைப் பழகிக்கொள்ளும். போன வாத்தியம் திரும்பி வராது.

அந்தப் பாட்டு ‘மோலாம்’ வகை. மோ என்றால் வல்லவர், லாம் என்றால் ஒருவகைப் பாட்டு. தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதி மக்களுடையது. அவர்கள் பேசுவது லாவோ மொழிதான். அதில் ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். அந்த ஏற்ற இறக்கத்தையே மெட்டாக வளர்த்துப் பாடுவதுதான் லாம். வியட்நாம் போர்க்காலத்தில் ஈசானின் உடோன், உபோன், கொராட் ஊர்களில் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இருந்தன. மேற்கத்திய இசை ஏற்கெனவே ரேடியோவில் வந்துகொண்டிருந்தது. இப்போது பக்கத்துத் தெரு கிளப்பிலேயே கேட்டது. ‘பின்’ என்ற உள்ளூர் தந்தி வாத்தியத்துக்கு மின்சாரம் ஏறியது.

இன்னொரு பக்கம் ‘லுக் துங்’ என்ற பாட்டு. வயல்வெளிப் பிள்ளை என்று பொருள். 1964-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாகத்தான் இந்தப் பெயர் பரவியது. அதன் மன்னர் என்று கொண்டாடப்பட்ட சுராபோன் சொம்பட்சரோன் 1968 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளவு புகழ் இருந்தும் பாங்காக்கில் மேல்தட்டுக்கு இதெல்லாம் நாட்டுப்புறத்தார் பாட்டுதான். கேசட் வந்ததும் ரெக்கார்டுகளை மூலையில் போட்டார்கள். நம் சென்னை போலவே வெயிலும் ஈரமும் உள்ள ஊர்கள். பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டியதில்லை.

அப்படிக் கிடந்ததை வெளியே கொண்டுவந்தவை தொகுப்பு ஆல்பங்களும் டிஜே மிக்ஸ்களும்தான். 2000-களில் அமெரிக்காவின் சப்லைம் ஃப்ரீக்வென்சீஸ் என்ற இசை நிறுவனம் ஒரு மோலாம் தொகுப்பை வெளியிட்டது. லண்டனின் சவுண்ட்வே நிறுவனம் 2010-இல் ‘சவுண்ட் ஆஃப் சியாம்’ என்று 1964 முதல் 1975 வரையான பாட்டுகளையும், 2014-இல் அதன் இரண்டாம் பாகத்தையும் கொண்டுவந்தது. முதல் பாகத்தைத் தொகுத்தவர்களில் ஒருவர் மாஃப்ட் சாய். பாங்காக்கில் சுட்ரங்மா என்ற ரெக்கார்டு கடையும் இசை வெளியீட்டு நிறுவனமும் நடத்துகிறவர். கிறிஸ் மெனிஸ்ட் என்ற டிஜேயோடு சேர்ந்து 2009 முதல் அவர் நடத்திய ‘பாரடைஸ் பாங்காக்’ இரவுகளில்தான், நகரத்து இளைஞர்கள் பலர் இந்தப் பாட்டுக்கு முதல்முறை ஆடினார்கள். அதிலிருந்து உருவான இசைக்குழுவில் கேன், ‘பின்’ இரண்டையும் வாசித்தவர்கள் மூத்த ஈசான் கலைஞர்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பழைய தட்டு சுழன்றதோடு நிற்கவில்லை. வாசித்த தலைமுறைக்கு மறுபடி மேடை கிடைத்தது.

ஆனால் ஒரு மிக்ஸிலிருந்து இன்னொரு மிக்ஸுக்குப் போகப் போக, பாடியவர் பெயர் உதிர்ந்துவிடுகிறது. பாடலாசிரியர் பெயர் அதற்கு முன்பே போயிருக்கும். கடைசியில் ‘தாய் ஃபங்க் 7’ மட்டும் மிஞ்சுகிறது. பெயர் இல்லாவிட்டால் காசு கொடுக்க நினைப்பவருக்கும் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாது. தாய்லாந்துச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை 50 ஆண்டுதான். ஆனால் பாட்டை எழுதியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 50 ஆண்டும். தட்டு பழசாகிவிட்டது என்பதற்காகப் பாட்டு பொதுச்சொத்தாகிவிடாது.

அங்கே போய் ரெக்கார்டு வாங்கி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுத்தம் செய்யும் முன் தட்டின் இரண்டு பக்கமும் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளையும், ஊசி ஓடும் பள்ளம் முடியும் இடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் முதலில் அழிவது லேபிள்தான். உறையில் 2515 என்று இருந்தால் அது வரிசை எண் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் பௌத்த ஆண்டாக இருக்கும். 543-ஐக் கழித்தால் 1972. அப்புறம், மோனோ தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டினால் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டிவிடுங்கள். மென்பொருளைத் தொடாமலே கரகரப்பு ஓரளவு குறைந்துவிடும்.

அந்த இளைஞர் கொடுத்த வேலையை அன்று நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மிக்ஸிலிருந்து வெட்டியதைச் சுத்தம் செய்வதைவிட, இந்தப் பாட்டு எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு எல்.பி. ரெக்கார்டோடு வந்தார். உள்ளே இருந்த சிறு புத்தகத்தில் பாடகி, இசைக்குழு, எழுதியவர் மூன்று பேருடைய பெயரும் இருந்தன. ஓடவிட்டோம். அவருடைய ஃபைலில் இல்லாத ஒரு பகுதி முதலில் வந்தது. தாளமே இல்லை. கேன் மட்டும் தனியாக மூச்சு இழுக்க, அந்தப் பெண் “ஓ… ல… நோ…” என்று நீட்டி அழைக்கிறார். லாம் பாடுகிறவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். ஆட்டத்துக்கு உதவாது என்று யாரோ ஒரு டிஜே அதை வெட்டியிருக்கிறார். அது முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவர் ஊசியைத் தூக்கி, மறுபடி தொடக்கத்திலேயே வைத்தார்.