துவாலாங்: வெட்டாமல் விட்டால் போதுமா?

மரக் கணக்கெடுப்புக்காக மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குப் போயிருந்தேன். வயதான மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் என்னை நேராக ஒரு மரத்தடிக்கு அழைத்துப்போனார். "காட்டை அழித்தபோதுகூட இதைத் தொடவில்லை, தம்பி. தேனீ மரம்" என்றார், பெருமையாக. செம்பனைகளுக்கு நடுவே சாம்பல் வெள்ளைத் தூண்போல நின்றது துவாலாங். போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலங்களில், சரவாக்கில் இதைத் தாப்பாங் என்பார்கள், சபாவில் மெங்காரிஸ்.

இது அவரைக் குடும்பத்து மரம் என்றால் பலரும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். சபாவின் தாவாவ் மலைப் பூங்காவில் அளக்கப்பட்ட துவாலாங் 85.8 மீட்டர், பத்துமலை முருகன் சிலையைப்போல இரண்டு மடங்கு. முதல் கிளைக்கே அண்ணாந்து கழுத்து வலிக்கும். அடியில் ஆளை மறைக்கும் பலகை வேர்கள். அவரை இனம் என்றால் வேர் முடிச்சில் நைட்ரஜன் சேர்க்கும் என்று படித்திருப்போம். துவாலாங் சேர்ந்த துணைக்குடும்பத்தில் அந்த முடிச்சே கிடையாது.

பட்டையைத் தடவினால் வழவழவென்று இருக்கும். கரடியின் நகம் பிடிக்காததால்தான் மலைத்தேனீ இதைத் தேடி வருகிறது என்பது தேன் எடுப்பவர்களின் கணிப்பு. ஒரே மரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தேனடைகள் தொங்குவதுண்டு. கடையில் விற்கும் 'துவாலாங் தேன்' இந்த மரத்துப் பூவின் தேன் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். அப்படியல்ல. மரம் தருவது இடம் மட்டும். தேன், சுற்றியுள்ள காட்டின் பல பூக்களிலிருந்து வருகிறது. காடு போனால் அடை எதை நம்பித் தொங்கும்?

மண்டோரிடம் இந்த வருடம் எத்தனை அடை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஒரு கை போதுமானதாக இருந்தது.

தென் தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ, பாலவான் தீவு ஆகியவற்றின் தாழ்நில மழைக்காடுகளே இதன் இருப்பிடம். ஆற்றோரமும் பள்ளத்தாக்கும் அடிச்சரிவும் என்றால் இன்னும் விருப்பம். சரவாக்கில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம். மற்ற இடங்களிலும் பெரும்பாலும் தேனுக்காகவே தப்பித்து நிற்கிறது. மரம் மிகக் கடினம், ரம்பத்தை மழுக்கும் என்பதும் ஒரு காரணம்.

கீழே கிடந்த நெற்று ஒன்றை எடுத்தேன். காகிதம்போல மெல்லியது, தட்டையானது, உள்ளே ஒரே விதை. அவரைபோல வெடிக்காது, நெற்றே சிறகாகிக் காற்றில் சுழன்று இறங்கும். இங்கே அது இறங்கியிருந்தது களைக்கொல்லி அடித்த மண்ணில். பலகை வேர்களைச் சுற்றி நடந்தேன். ஒரு கன்றுகூட இல்லை.

மரத்தைச் சுற்றியும், அங்கிருந்து ஓடைக்கரை வரையும் மருந்தடிப்பதை நிறுத்துங்கள், முளைப்பதை வெட்டாதீர்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த ஓடைதான் மேலே மிச்சமிருக்கும் காட்டைத் தொடுகிறது. நான்கைந்து வரிசைச் செம்பனை குறையும். மண்டோர் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "எத்தனை வரிசை என்று முதலாளி கேட்பார், தம்பி" என்றார்.