ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது

கொரிய மொழியிலும் 'அப்பா' இருக்கிறதாம், ஆகவே கொரியமும் தமிழும் ஒரே குடும்பமாம். மொழியியல் கற்பிக்கும் எனக்கு, இப்படி ஒலி ஒத்த சொற்களை அடுக்கிய பட்டியல் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

குழந்தை உதட்டைச் சேர்த்துப் பிரித்தாலே அம்மா, அப்பா, பாப்பா எல்லாம் வந்துவிடும். எந்த நாட்டுக் குழந்தைக்கும் உதடு ஒன்றுதானே. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அதை வைத்து யாருக்கு யார் உறவு என்பது? மற்ற சொற்களும் அப்படித்தான். ஒரு மொழியில் சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒலிகளோ சில பத்துதான். எங்காவது ஒத்துப்போகத்தான் செய்யும். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் கிட்டத்தட்ட 'டாக்'. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

குடும்பம் பிரிக்க நாங்கள் பார்ப்பது ஒலிகள் மாறும் ஒழுங்கை. பால், பல், புலி, பூ ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹூவு. சொல்லின் முதலில் பகரம் இருந்த இடமெல்லாம் வரிசையாக ஹகரம். பழங்கன்னடத்தில் இதே சொற்கள் பகரத்தோடுதான் இருந்தன. செவி, சேரி என்பவை அங்கே கிவி, கேரி. இங்கே மாறியது தமிழ், பழைய ககரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம். அதனால் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்பதும் நிற்காது. இரண்டும் உடன்பிறப்புகள்.

ஆர்மீனியத்தில் இரண்டுக்கு 'எர்கு'. இலத்தீன் 'துவோ'வோடு காதுக்கு ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் ஒலிமாற்ற விதிகளைப் பின்தொடர்ந்தால் இரண்டும் ஒரே வேரில் போய் நிற்கின்றன.

எழுத்து வடிவத்தைப் பார்த்து உறவு சொல்பவர்களுக்கு ஒரு வரி போதும்: துருக்கி 1928இல் எழுத்தை மாற்றியது, மொழியின் குடும்பம் மாறவில்லை.

கடன்சொல்லும் அப்படியே. தெலுங்கில் வடசொற்கள் குவிந்து கிடந்தாலும் எண்கள், வினை விகுதிகள், நான், நீ போன்ற சொற்கள் திராவிடமே. சென்னையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் எல்லிஸ், இந்தத் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல்தான்.

சரி, ஒப்பிட ஆசையா? தாராளமாகச் செய்யுங்கள். அம்மா அப்பாவை முதலில் அடித்துவிடுங்கள். வணிகத்தோடும் சமயத்தோடும் பயணப்பட்டிருக்கக்கூடிய சொற்களையும் அடியுங்கள். மிஞ்சியதில் ஒரே ஒலிமாற்றம் சொல்லுக்குச் சொல் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், இன்றைய அகராதியோடு நின்றுவிடாமல் இரண்டு மொழிகளிலும் கிடைக்கும் மிகப் பழைய வடிவங்களைத் தேடி எடுத்து, அவற்றை ஒப்பிடுங்கள்.